அமெரிக்காக்காரனுக்கு ஏன் கோபம் வந்தது

கௌரம்மா பின்னிக்கொண்டிருந்த காலுறை அவள் மடியில் இறங்கி, அங்கே இடம் போதாமல் ஜமக்காளத்தில் சுருண்டு கிடந்ததை அந்த வியாழக்கிழமை மத்தியானம் யாருமே கவனிக்கவில்லை. குதிகால் திருப்ப வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. ஊசிகள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. கௌரம்மாவின் கண் என் வாயிலேயே இருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், “ஆமேலே?” என்பாள். அப்புறம் என்ன என்று கன்னடத்தில் அவள் கேட்கிற அவசரத்தைப் பார்த்தால், ஏதோ பக்கத்துத் தெருவில் நடக்கிற சண்டையை நான் பாதியில் விட்டுவிட்டு வந்ததுபோல இருக்கும்.

“அப்புறம் என்ன, எல்லாருமாக் கப்பல்ல ஏறிட்டா. ஏறி, மூட்டை மூட்டையாக் காப்பிக்கொட்டையைத் தூக்கி சமுத்திரத்துல போட்டுட்டா.”

“அய்யோ தேவ்ரே! காப்பியையா?”

அமெரிக்கா சரித்திரப் புஸ்தகத்தில் தேயிலை என்றுதான் இருந்தது. நானும் முந்தின வாரம் தேயிலை என்றுதான் வாசித்தேன். ‘டீதானே, வரி போட்டா குடிக்காம இருந்துட்டுப் போறா’ என்று ஆளுக்கொரு கொட்டாவி விட்டார்கள். எங்கள் மைசூர்ச் சாமராஜபுரத்தில் டீ குடிக்கிறவர்கள் யார்? ஜுரம் வந்தவர்களும் ரயில்வே கார்டுகளும்தான். ஒரு தேசமே கொதித்து எழுந்த காரணம் இவர்களுக்கு உறைக்கவே உறைக்காதா என்று எனக்கு வந்ததே ஆத்திரம்! இந்த வாரம் காப்பி என்று மாற்றிவிட்டேன். மாற்றினேனோ இல்லையோ, சமாஜமே கொந்தளித்துவிட்டது. காப்பிக்கு வரி போடுகிற ராஜா ஒரு ராஜாவா, அவன் நன்றாக இருப்பானா என்று சாபம்கூட விழுந்தது.

இது எங்கள் மாதர் சமாஜத்தின் வழக்கம். யுத்தம் தொடங்கினதிலிருந்து பெங்களூர்க் கமிட்டி காக்கி உல்லன் நூல் அனுப்பும். நாங்கள் வியாழக்கிழமைதோறும் கூடி சிப்பாய்களுக்குக் காலுறையும் குல்லாயும் பின்னிக் கொடுப்போம். சும்மா பின்னவிட்டால் பேச்சு வளர்ந்து கண்ணி விட்டுப்போகிறது என்பதற்காக, ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பின்ன வேண்டும் என்று தலைவி கமலம்மாள் மாமி சட்டம் போட்டிருந்தாள். வாசிக்கிற வேலை எனக்கு வந்ததற்கு என் குரல் காரணமில்லை. நான் பின்னின முதல் குல்லாயில் இரண்டு தலை தாராளமாக நுழையும். அதைப் பார்த்துவிட்டு மாமி, “அன்னபூர்ணி, நீ ஊசியைத் தொடாதே” என்று ஒரு புஸ்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டாள்.

முதலில் பக்தர்கள் கதையெல்லாம்தான் வாசித்தேன். கார்த்திகை மாதம் மாமி பெங்களூர் போய்வந்தாள். கன்டோன்மென்டில் அமெரிக்க சோல்ஜர்களைப் பார்த்தாளாம், ஒவ்வொருத்தனும் தென்னை மர உயரமாம், எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறானாம். “இனிமே நம்ம நேசநாட்டைப் பத்தி வாசிக்கலாம். அமெரிக்கா சரித்திரம் வாசி” என்று உத்தரவாயிற்று. என் ஆத்துக்காரர் வைத்யநாதன் ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார், புஸ்தகத்துக்குப் பஞ்சமில்லை. இங்கிலீஷில் இருப்பதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். அந்த நேசநாட்டின் சரித்திரம், நாம் யாருக்காகக் காலுறை பின்னுகிறோமோ அந்த வெள்ளைக்கார ராஜாவின் கொள்ளுத்தாத்தாவையோ எள்ளுத்தாத்தாவையோ எதிர்த்துச் செய்த கலகத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று மாமிக்குத் தெரியாது. எனக்கும் மூன்றாவது அத்தியாயம் வருகிறவரை தெரியாது.

தெரிந்தபோதே நான் புஸ்தகத்தை மூடியிருக்க வேண்டும். ஏனென்றால் எனக்குக் கமலம்மாள் மாமியின் தயவு வேண்டியிருந்தது. என் தம்பி பாச்சு ஜெயிலில் இருந்தான்.

அப்பா அம்மா போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது நான். பி.எஸ்ஸி. கடைசி வருஷம். ஆகஸ்டில் தேசமெங்கும் மறியல் நடந்தபோது இவனும் காலேஜ் வாசலில் போய்ப் படுத்தான். படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டான். போலீஸ்காரர்கள் தூக்கி லாரியில் போட்டபோதுதான் விழித்தானாம். தூங்குமூஞ்சி! கலகத்தைக்கூட முழித்துக்கொண்டு செய்யத் தெரியவில்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்த பையன்களைத் தீபாவளிக்கு விட்டுவிட்டார்கள். இவன் எழுதமாட்டேன் என்கிறான். பார்க்கப் போனால், கம்பிக்கு அந்தப் பக்கம் கன்னம் உப்பி நின்றுகொண்டு, “அக்கா, இங்க சாயங்காலம் பேட்மின்டன்கூட உண்டு” என்கிறான். மார்ச்சில் பரீட்சை. அதற்குள் வெளியே வராவிட்டால் வருஷமும் போச்சு, காலேஜில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதும் நிச்சயமில்லை.

மாமியின் வீட்டுக்காரர் சர்க்காரில் செக்ரட்டரி. ஜெயில் சம்பந்தப்பட்ட காகிதமெல்லாம் அவர் மேஜைக்கு வந்துதான் போகும் என்று ஊரே சொல்லும். பாச்சு உள்ளே போன மறுவாரமே மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “சொல்றேன்டி, சொல்றேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், பையன் படிக்கற பையன்னு அவர்கிட்ட சொல்றேன்” என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் சமாஜம் கலைந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்பேன். “பார்க்கறேன்னார்” என்பாள். ஐந்து மாசமாக அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

இந்த நிலைமையில் நான் காப்பி மூட்டையைச் சமுத்திரத்தில் போட்டிருக்கிறேன். சமாஜத்தில் யாருக்கும் ஊசியில் கவனமில்லை. கொள்ளேகாலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த மாதேவி, பட்டுக்கூடு வியாபாரியின் மனைவி, எப்போதும் ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காதவள். சோல்ஜர்களைக் கொண்டுவந்து ஜனங்கள் தலையில் கட்டி, அவர்கள் தங்க இடமும் கொடுக்க வேண்டும் என்று ராஜா சட்டம் போட்டான் என்று நான் சொன்னதும் அவள் குறுக்கே வந்தாள்.

“அது நெசந்தானுங்க்கா. எங்கூரு உங்களாட்ட மகாராஜா சீமை இல்லீங்களே, வெள்ளைக்காரன் சீமை. ஐப்பசில போலீசுக்காரங்க வந்து எங்கய்யன் களத்துல கூடாரம் போட்டுப்போட்டாங்க. போறப்ப ஒரு கோழி மிச்சமில்லீங்க. கேட்டதுக்கு, காவலுக்குத்தான் வந்தோங்கறாங்க. கோழிக்கு இவங்க காவலுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். கமலம்மாள் மாமி சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் கண்ணில் கௌரம்மாவின் காலுறை பட்டது. குனிந்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். அது வந்துகொண்டே இருந்தது.

“கௌரம்மா, இது யாருக்கு? அரண்மனை யானைக்கா?”

மற்றவர்கள் அவசரமாகத் தங்கள் கையில் இருப்பதைப் பார்த்தார்கள். ஒருத்தியுடையதும் சரியில்லை. திங்கட்கிழமை கமிட்டி அம்மாள் வந்து பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் பிரித்துப் பின்ன வேண்டும். சமாஜம் கலைந்ததும் மாமி என்னைத் தனியே நிறுத்தினாள். “நேசநாடுன்னா நல்லதா நாலு விஷயம் இல்லையா அதுல? அருவி, மலை, ரயில்பாலம்னு ஏதாவது வாசி. உன் தம்பி விஷயம் ஞாபகம் இருக்கட்டும்” என்றாள். அவள் அதட்டவில்லை. 

வீட்டுக்கு வந்து நடந்ததை ஆத்துக்காரரிடம் சொன்னேன். இவருக்கு என் தம்பியைவிடத் தேயிலை கொட்டின பாஸ்டன் துறைமுகம் பெரிசாகப் போய்விட்டது. “காப்பியா? காப்பின்னா சொன்னே? அன்னம், இருபது வருஷமா நான் பாடம் நடத்தறேன்! அமெரிக்கக் கலகத்துக்குக் காரணங்கள் ஆறு. ஆறையும் வரிசையா எழுதினா முழு மார்க். அதுல காப்பி எங்கே வந்தது?”

“ஆறுல எது பெரிசு?”

“எல்லாத்துக்கும் சம மார்க்தான்.”

“சரி, பாச்சு போய்ப் படுத்தானே, அதுக்கு எது காரணம்?”

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது சிலபஸ்ல இல்லை” என்றார். பிறகு பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்தவர், ஒரே பேப்பரை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ, அந்த ஆறு காரணங்களையும் அவர் முதல் தடவையாக மனசுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமை நயாகரா அருவியோடு போனேன். உயரம் இத்தனை, அகலம் இத்தனை, குளிர்காலத்தில் ஓரமெல்லாம் உறைந்துவிடும் என்று நல்ல பெண்ணாக வாசித்தேன். அரைப் பக்கம் தாண்டவில்லை. “அருவி எங்கூருப் பக்கத்துலயே சிவனசமுத்திரத்துல இருக்குதுங்க. அதுல கரண்டே எடுக்கறாங்க” என்றாள் மாதேவி. கௌரம்மா ஊசிகளைக் குறுக்காக மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். ஒவ்வொருத்தியாக வைத்துக்கொண்டே போனார்கள். கோபமாக எல்லாம் இல்லை. வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டுதான். ஆனால் ஒருத்திகூடப் பின்னவில்லை. கமிட்டி அம்மாள் கொண்டுவந்து போட்ட நூலோ கூடையில் மலையாகக் கிடக்கிறது.

“கதே பேக்கு அம்மாவ்ரே,” என்றாள் கௌரம்மா மாமியிடம், கதை வேண்டும் என்று. அப்புறம் தமிழில், “அந்த ஜனம் கடைசிலே ஏன் அவ்ளோ சண்டைக்கு நின்னா, அதை மட்டும் சொல்லிட்டா கை தானா ஓடும்” என்றாள்.

மாமி என்னைப் பார்த்தாள். இவர்கள் பிடிவாதத்தையும் தாண்டவேண்டும், மாமி முகமும் கோணக்கூடாது. எனக்குத்தான் ரொம்ப சாமர்த்தியம் ஆயிற்றே! ஆறு காரணங்களையும் மளமளவென்று மனசில் ஓட்டினேன். வரிக் கதை வேண்டாம், சோல்ஜர் கதை வேண்டாம். சீமைத் துணியை ஒதுக்கிவிட்டுப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து ராட்டை சுற்றின கதை வேண்டவே வேண்டாம். இருப்பதிலேயே சாதுவாக ஒன்று கண்ணில் பட்டது. மனுப் போட்டது. மனுவில் என்ன தப்பு இருக்கிறது? பணிவாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புவது. “கலகம் எல்லாம் இல்லே மாமி. ராஜாவுக்கு மனு எழுதினதைப் பத்தித்தான்” என்றேன்.

“மனுதானே? மரியாதையான விஷயம்தான், வாசி” என்றாள் மாமி. ஊசிகள் மறுபடி ஓடத் தொடங்கின.

வாசித்தேன். உங்கள் பிரஜைகள் நாங்கள், உங்களிடம் விசுவாசம் மாறாதவர்கள், எங்கள் குறையைச் சற்றுக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்த ஜனங்கள் எழுதினார்கள். பதில் இல்லை. மறுபடி எழுதினார்கள். இன்னும் பணிவாக எழுதினார்கள். சண்டை ஆரம்பித்த பிறகுகூடக் கடைசியாக ஒரு தடவை, கப்பலில் ஆள் கொடுத்தனுப்பினார்கள். ராஜா அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நான் ஒன்றும் நினைத்து வாசிக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமைதோறும் அந்தக் கதவோரம் நின்று, தயங்கித் தயங்கி, மாமியின் முகம் நல்ல விதமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கேட்டதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எதிரே வந்து நின்றது. வரியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்டதற்குப் பதிலே வராமல் இருப்பதைப் பொறுக்க முடியாது. பாச்சு எதற்குப் போய் வாசலில் படுத்தான் என்று ஐந்து மாசமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புஸ்தகத்தை மடியில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

கௌரம்மா எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள். “ராஜா பாவம், அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது. நடுவிலே யாராவது வாங்கி வெச்சிண்டிருப்பா. கொடுத்தா கோவிச்சுக்குவானோன்னு பயந்து” என்றாள்.

இது ஒரு சாதாரணப் பேச்சு. யாரும் தலை நிமிர்த்தக்கூட இல்லை. கமலம்மாள் மாமியின் ஊசி மட்டும் நின்றது. அவள் கையிலிருந்த குல்லாயில் ஒரு கண்ணி நழுவி, கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. கண்ணி விட்டால் மற்றவர்களை உண்டு இல்லை என்று பண்ணுகிறவள், அதைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“நான் சொல்லவேயில்லை, அன்னபூர்ணி” என்றாள்.

“என்ன மாமி?”

“உன் தம்பி விஷயம். அவர்கிட்ட நான் சொல்லவேயில்லை. பார்க்கறேன்னார்னு சொன்னதெல்லாம் நானாச் சொன்னது.” எல்லாரும் இருக்கிறார்கள் என்பதைக்கூட அவள் பார்க்கவில்லை. “கல்யாணமான புதுசுல எங்க சித்தப்பா பிள்ளைக்காக ஒரு தடவை வாயைத் திறந்தேன். ஆபீஸ் விஷயத்துல உனக்கென்னடி வேலைன்னு இலையை விட்டு எழுந்து போயிட்டார். அன்னிலேர்ந்து சாதம் போடட்டுமா, மோர் போடட்டுமா, இவ்வளவுதான் எங்க பேச்சு. ஒவ்வொரு வாரமும் இன்னிக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டா நாக்கு ஒட்டிண்டுடறது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புஸ்தகத்தை அவள் மேலேயே வீசியிருப்பேன். ஐந்து மாசம்! என் குழந்தை மாதிரி வளர்த்தவனுடைய ஐந்து மாசம். நாலு வார்த்தை சூடாகக் கேட்டும்விட்டேன். “ஊரையே உருட்டி மிரட்டறேளே மாமி, என்னை வாராவாரம் இங்க நிக்க வெச்சு வேடிக்கை பார்த்தேளா?” அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். மூக்குத்தி நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய உடம்பையும் குரலையும் வைத்துக்கொண்டு இந்த மனுஷி வீட்டில் இப்படியா இருக்கிறாள் என்று நினைத்ததும் என் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது.

மாதேவிதான் நூல்கண்டைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். “அதுக்கென்னங்கம்மா. இப்பப் போய்ச் சொல்லிப்போடுங்க. ஒத்தையாப் போகப் பயமா இருந்தா நாங்களும் வர்றோமுங்க.”

“இப்பவா? அவர் ஆபீஸ்லேர்ந்து வந்திருப்பார்டி.”

“வந்திருந்தாத்தானுங்களே சொல்ல முடியும்?”

கௌரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பில் மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். நூலை அங்கேயே விட்டால் எலி கடித்துவிடும் என்று அவரவர் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான் மாமிக்குக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். அவள் பிடித்த கையை விடவில்லை. 

லக்ஷ்மிபுரத்தில் இருக்கிற அவள் வீட்டுக்கு அங்கிருந்து நாலு தெரு. நல்ல வெயில் தாழ்ந்த நேரம். மடிசாரும் சுற்றுப்புடவையுமாக இத்தனை பெண்கள் ஜோடி ஜோடியாக, கையில் காக்கி நூலும் ஊசியுமாகப் போவதை மைசூர் பார்த்திருக்காது. கௌரம்மா நடந்துகொண்டே பின்னினாள். ஜட்கா வண்டிக்காரன் ஒருவன் குதிரையை நிறுத்தி, “மெரவணிகே எல்லிகம்மா?” என்று, ஏதோ சாமி ஊர்வலம் போகிறது என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். யாரோ கையைத் தூக்கி முன்னால் காட்டினார்கள். அவனும் ஒரு கும்பிடு போட்டான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். காரியம் கெட்டால் பாச்சு உள்ளே இருப்பதோடு, என் ஆத்துக்காரர் வாத்தியார் உத்தியோகமும் சேர்ந்து போகும். திரும்பிப் போய்விடலாமா மாமி என்று கேட்க வாயெடுத்தேன். அவள் நடையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். சமாஜத்துக்கு வருகிற நடைதான், சற்று வேகமாக.

பங்களா கேட்டில் டவாலி போட்ட சேவகன் பசவராஜ் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போலச் சமையற்கட்டுப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறக்க ஓடினான். “அது வேண்டாம், பெரிய கேட்டைத் திற” என்றாள் மாமி. அவன் வீட்டை ஒரு தடவை பார்த்தான், எங்களை ஒரு தடவை பார்த்தான். பிறகு தாழ்ப்பாளைத் தூக்கினான்.

வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை, வழுக்கை. சரளைக்கல்லில் இத்தனை பேர் நடக்கிற சத்தம் கேட்டுப் பேப்பரைத் தாழ்த்தினார். படியடியில் நாங்கள் நின்றோம். மாமி என் கையை விட்டாள். முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக ஏறினாள்.

“ஏன்னா,” என்றாள். குரல் உடைந்து மறுபடி சேர்ந்தது. “கொஞ்சம் எழுந்து வாங்கோ. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவர் காலை முக்காலியிலிருந்து இறக்கினார். எழுந்திருக்கப் போனவர் தரையில் காலால் செருப்பைத் தேடினார். ஒன்று அகப்பட்டது. இன்னொன்று நாற்காலிக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது. அந்தக் கால் இப்படியும் அப்படியுமாகத் துழாவிக்கொண்டே இருந்தது. அவர் கண் எங்கள் மேல் இருந்தது. மாமி அவருக்குச் செருப்பை எடுத்துக் கொடுக்கக் குனியவில்லை. பேச ஆரம்பித்துவிட்டாள்.